வெயில் காய்கிறவனுக்கு என்ன பிரச்சினை?

போன திங்கட்கிழமை மத்தியானம் நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் நகரின் கடைத்தெருவில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் அன்று பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்துக் கழற்றி வைக்க இடமில்லை!

முதலில் இருந்தே சொல்கிறேன்.

டென்மார்க்கின் குளிர்காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் இருட்டு. பின்னேரமும் இருட்டு. நடுவில் கொஞ்ச நேரம் சாம்பல் நிறம். இந்த வருடம் அதோடு செய்திகளும் சேர்ந்துகொண்டன. தொலைக்காட்சியைப் போட்டால் யுத்தம். அலைவரிசையை மாற்றினால் கிறீன்லாந்து யாருக்கு என்று இழுபறி. மூன்று நாட்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் வீட்டில் வைத்திருங்கள் என்று அரசாங்கமே சொல்கிறது. கடைக்குப் போனால் பட்டரைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டு வருகிறோம். எங்கள் பக்டரியிலோ 'ஓடர் குறைஞ்சு போச்சாம்' என்று காப்பி மெசினுக்குப் பக்கத்தில் குசுகுசுப்பு.

இப்படியிருக்க, திங்கட்கிழமை திடீரென்று வெயில்.

வெயில் வந்தால் டேனிஷ்காரர் என்ன செய்வார்கள் தெரியுமா? ஒன்றுமே செய்ய மாட்டார்கள். வெளியில் வந்து, சுவரோடு சாய்ந்து, கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்கள் – கூரையில் பூட்டிய சோலார் தகடு மாதிரி. இவர்கள் மகிழ்ச்சியானவர்கள் என்று உலகமே சொல்கிறதே, ரகசியம் இதுதானோ என்று எனக்குப் பல நாள் சந்தேகம்.

எனக்குக் காலை ஷிப்ட். விடியமுன் போனால் மத்தியானம் விட்டுவிடுவார்கள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் கால் தானாக நின்றது. ஒரு ஐஸ்கிரீம் வாங்கினேன். வாங்கில் ஏற்கெனவே ஒரு டேனிஷ் கிழவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன்.

"டைலிட்" என்றார். அருமை என்று அர்த்தம்.

"யா" என்றேன்.

எங்கள் உரையாடல் அத்தோடு இனிதே முடிந்தது. நாலு பேர் நடுவில் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு, இதைவிடச் சிறந்த துணை கிடைக்குமா? நானும் கண்ணை மூடினேன். கண்ணிமை வழியே செம்மஞ்சள் வெளிச்சம். கையில் குளிர், முகத்தில் சூடு. யுத்தமும் பட்டரும் எங்கேயோ போய்விட்டன.

இந்த இடத்தில்தான் குணம் அண்ணையின் கார் அந்தத் தெருவால் போனது. அண்ணை எங்கள் ஊர்ச் சங்கத்தின் தூண். பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் வேலை. அவர் ஹோர்ன் அடிக்கவில்லை. மெதுவாக்கினார், பார்த்தார், போய்விட்டார்.

ஐஸ்கிரீம் முடியுமுன் என் கைபேசி அடித்தது. மனைவி சாந்தி. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், வேலை நேரத்தில் எனக்கு அழைப்பு எடுக்கவே மாட்டாள்.

"எங்க நிக்கிறீங்கள்?"

"வாங்கில இருக்கிறன்."

"ஏன்?"

யோசித்துப் பாருங்கள், இதற்கு என்ன பதில் இருக்கிறது?

"வெயிலுக்கு" என்றேன்.

"வேற?"

"ஐஸ்கிரீம்."

அவள் குரலை இறக்கி, "இஞ்சாருங்கோ... என்னட்ட ஒண்டும் மறைக்காதேங்கோ" என்றாள்.

குணம் அண்ணை அவளுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. "தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. தம்பி தனிய இருந்து ஐஸ்கிரீம் குடிக்கிறான், முகத்தை மேல வைச்சுக்கொண்டு. வேலை போனதை வீட்டில சொல்லேலாமல் இப்பிடிச் சில பேர் இருக்கினம். காலமை வழமையா வெளிக்கிடுவினம். கட்டிக் குடுத்த மத்தியானப் பாணைக் கார்ல வைச்சே தின்னுவினம். பின்னேரம் வேலையால வாற மாதிரி வருவினம். மெல்லமாக் கதைச்சுப் பாருங்கோ."

பின்னேரம் வீடு நிறைந்துவிட்டது. குணம் அண்ணையும் மனைவி மனோ அக்காவும் சட்டி நிறைய இறால் கறியோடு வந்தார்கள். இன்னும் மூன்று குடும்பம். எஸ்பியர்க்கிலிருந்து ஒருவர் போனில் வந்து, மீன் பக்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்றார். இதற்குள் நான் அழுதுகொண்டிருந்ததாகவும் கதை வளர்ந்திருந்தது. டேனிஷில் மட்டும் பதில் சொல்கிற என் மகள்கூட அறைக்கு வெளியே வந்து, தமிழில், "அப்பா, ஓகேதானே?" என்று கேட்டாள். நிலைமை அவ்வளவு மோசம்!

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா" என்றேன்.

"அப்பிடித்தான் தம்பி எல்லாரும் சொல்லுவினம்" என்றார் மனோ அக்கா.

"உண்மையா வேலை இருக்கு. சும்மா வெயிலுக்கு இருந்தனான்."

"சும்மாவோ?" அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "கிழமை நாளில, பட்டப்பகலில, ஒரு தமிழன் சும்மா இருக்கிறானோ?"

கூட்டத்தைப் பார்த்தேன். எல்லாருடைய முகத்திலும் ஒரு ஏமாற்றம். இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், கறி வேறு கொண்டு வந்திருக்கிறார்கள், வெறும் கையோடு எப்படி அனுப்புவது? கூச்சப்படுகிறவனால் யாருக்கும் ஏமாற்றம் தர முடியாது.

"கொஞ்சம்... கொலஸ்ட்ரோல் இருக்கு" என்றேன்.

அப்பாடா! வீட்டுக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. ஒருவர் வெந்தயம் என்றார். ஒருவர் ஓட்ஸ் என்றார். தன் மச்சானுக்கு வந்த மாரடைப்பை ஒருவர் விரிவாக நடித்தே காட்டினார். "பிறகேன் ஐஸ்கிரீம் குடிச்சனீ?" என்று மனோ அக்கா உரிமையோடு பேசினார். கொலஸ்ட்ரோல்காரனைச் சுற்றியிருந்து இறால் கறியையும் எல்லாரும் ஒரு பிடி பிடித்தார்கள். போகும்போது ஒவ்வொரு முகத்திலும் அப்படி ஒரு தெளிவு!

கெட்ட காலத்தில் சின்னச் சின்னச் சந்தோசங்களைத் தேடுங்கள் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மெழுகுதிரி கொளுத்து, பூ வை, நட என்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் எதற்கு? அடுத்த வீட்டில் ஒரு பிரச்சினை இருந்தால் போதாதா?

எல்லாரும் போன பிறகு சாந்தி தீர்ப்புச் சொன்னாள்.

"இனி அந்த வாங்குப் பக்கம் போகக்கூடாது. மானம் போகுது."

"வெயில்..."

"இருக்கத்தான் வேணுமெண்டால் போனைக் காதில வைச்சுக்கொண்டு, ஒரு பையையும் மடியில வைச்சுக்கொண்டு இருங்கோ. ஆரையோ எதிர்பாத்துக்கொண்டு இருக்கிற மாதிரி."

செவ்வாயும் வெயில். புதனும் வெயில். நான் நேரே வீட்டுக்குப் போய், யன்னல் கண்ணாடிக்குள்ளால் அதைப் பார்த்தேன். குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தது இதற்கா? வியாழக்கிழமை பெல்ட்டில் வருகிற துணிகளை மடித்துக்கொண்டு நிற்கும்போதும் வாங்கு நினைவுதான். குணம் அண்ணையின் மேல் கோபமாக வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் ஏன் அந்தத் தெருவால் வரவேண்டும்?

கை நின்றுவிட்டது. ஆமாம், ஏன் வந்தார்? ஹேர்னிங்கில் நாலு மணி வரைக்கும் வேலை செய்கிற மனிதர் அல்லவா? கிழமை நாளில், பட்டப்பகலில், நான் ஏன் வாங்கில் இருந்தேன் என்று இக்காஸ்ட் முழுக்கக் கேட்டது. அவர் ஏன் காரில் சுற்றினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிலும், பாணைக் காரில் வைத்துத் தின்கிற கதையெல்லாம் அவருக்கு எப்படி அவ்வளவு துல்லியமாகத் தெரியும்?

வெள்ளிக்கிழமை தீர்ப்பை மீறினேன். பையில்லை, போனில்லை. வாங்கில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கார் மெதுவாக வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நடுத்தெருவில் நானாகக் கையைத் தூக்கி ஒருவரை மறித்தேன்.

இறங்கி வந்து பக்கத்தில் இருந்தார்.

"சாந்தி இஞ்ச வர வேண்டாமெண்டவள் எல்லே? மனோ சொன்னாள்" என்றார்.

"இண்டைக்கு வேலை இல்லையோ அண்ணை?"

தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "டிசம்பர்ல, நத்தாரோட வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள். மனோவுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் பாண் கட்டித் தாறாள், தம்பி. முட்டையும் வைச்சு."

இதை எழுத அவர் சம்மதித்திருக்கிறார். அன்று பின்னேரமே வீட்டில் சொல்லிவிட்டார். சப்பாத்துகள் இப்போது அவர் வாசலில். "எழுது, பேரை மட்டும் மாத்து" என்றார். மாற்றிய பேரையும் அவரே தெரிவு செய்து தந்தார்.

ஆனால் அந்த வாங்கில் இருக்கும்போது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எவ்வளவு பேசினார்கள்! நானோ எழும்பிப் போய் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்தேன்.

"இந்தக் குளிருக்கோ?" என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

"கண்ணை மூடுங்கோ அண்ணை."

"விசரா! மூடினா ஆக்கள் பாப்பினம்."

"மூடினா, ஆர் பாக்கினமெண்டு எங்களுக்குத் தெரியாதுதானே."

மூடினார்.