தாய்மாமன் மடிக்குப் பன்னிரண்டு மைல்

யுத்த காலம், ஆவணி மாதம். திருச்சுழிக்கு அப்பாலிருந்த தங்கை வீட்டில் அவள் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். ஆனால் கம்மலைக் கொடுத்துவிட்டு உடனே திரும்புவதென்று தீர்மானித்துத்தான் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினேன். முந்தைய வருடம் ஒன்பது மாதம் புத்தி பேதலித்துக் கிடந்தவன். என் மடி நல்ல காரியத்துக்கு ஆகாது என்று தங்கைக்குக் கடிதமும் போட்டிருந்தேன். எங்களுக்கு வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். குணமான பிறகு இரண்டிலும் என்னை யாரும் பைத்தியம் என்று சொன்னதில்லை. நானேதான் இரண்டிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பஸ் காலை ஏழுக்கு என்பார்கள்; பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் வண்டி, பின்னாலிருந்த கரியடுப்பு பற்றிப் புறப்பட ஏழே முக்கால் ஆனது. பத்து மைல், நாலணா. நடுவில் ஒருமுறை இறங்கித் தள்ளினோம், ஆகையால் போகிறவர்கள் வெள்ளை வேட்டி கட்ட வேண்டாம். திருச்சுழியிலிருந்து இரண்டு மைல் மாட்டுவண்டி, மூன்றணா.

வண்டிக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். உழுது போட்ட கரிசலைக் காட்டி, "அது நம்ம காடுதாண்ணே. ஆனா விதைப்புக்கு மொதக் கை நான் வைக்கிறதில்ல" என்றார்.

"ஏன்?"

"நாலு வருசத்துக்கு முன்ன புத்தி பெசகிக் கெடந்தேன். இப்பம் நல்லாத்தான் இருக்கேன். இருந்தாலும் பயிரு வெளங்காமப் போயிட்டா?"

"வைக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் ஒதுங்கிக்கிட்டேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உழுகுறதுக்கு ஆகுற கை விதைக்க ஆகாதா? என்னய்யா பேசுறீக?" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்ததும் வெட்கமாகிவிட்டது. நான் செய்துகொண்டிருப்பதும் அதுதானே? என் கதையை அவரிடம் சொன்னேன். அவர் மாட்டை அதட்டினார். "அப்பம் வெரசாப் போவோம்ணே. ஆசாரி வந்திருப்பாரு."

தங்கை வீட்டில், என் கடிதத்தை நம்பி, எங்கள் பெரியப்பா மகனை மணையில் உட்கார்த்தியிருந்தார்கள். குழந்தை அவன் மடியில். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். நேரே போய், "எந்திரிடா தம்பி, நான் உக்காரணும்" என்றேன். (பேசியது தெலுங்கு, உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.) அவன் தங்கையைப் பார்த்தான்.

"அண்ணனுக்கு எடத்த விடுடா" என்றாள் அவள். என்னிடம், "வாரேன்னு ஒரு வரி எழுதுனா என்ன?" என்று கேட்டு அழுதாள்.

முதல் காதுக்கு என் மடியில் குழந்தை வீறிட்டபோது, என்னால்தானோ என்று எழப் பார்த்தேன். குழந்தை பிடித்த என் சட்டையை விடவில்லை. மறு காதுக்கும் உட்கார்ந்தேன்.

திரும்பும் பஸ் மாலை நான்கு மணிக்கு. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். என்னைப் போல நோயிலிருந்து எழுந்து விசேஷத்துக்குப் போகிறவர்கள், முதலில் போய் உட்காருங்கள். எழுந்திரு என்று சொல்ல நினைப்பவர் யாராவது இருந்தால் அவரே வாய்விட்டுச் சொல்லட்டும். அவருக்காக நாம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.