பதினொரு பிள்ளைகளின் கிணறுகள்

கேரளத்தில் வெள்ளறடைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுக்கு நான்தான் டீச்சர். பதினொரு பிள்ளைகள். எங்கள் வகுப்புக்கும் லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்த வருடம், அவற்றைப் பயன்படுத்தி மூன்று வாரப் பாடத்திட்டம் ஒன்றை எல்லோரும் எழுதித் தரவேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் சொன்னார்கள். நான் தண்ணீரைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொண்டேன். கிடைத்த வீடியோக்கள் எல்லாம் மலையாளத்தில் இருந்தன. பிள்ளைகளுக்கு மலையாளம் நன்றாகவே புரியும். ஆனாலும் தமிழ் வகுப்புக்குத் தமிழில் ஏதாவது வேண்டும் என்று எனக்கொரு வீம்பு.

பிள்ளைகளே பாடத்தை உண்டாக்கட்டும் என்று திட்டமிட்டேன். ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறை பெரியவர் ஒருவர் துணையோடு வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு அளந்து, போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அளவுகளை லேப்டாப்பில் ஏற்றினால் நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் திரையில் கோடாகத் தெரியும். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு பெண்பிள்ளை மட்டும் எழுந்து நின்றாள். "எங்க வீட்டில கிணறு இல்ல டீச்சர். பக்கத்து வீட்டுல ஆக்கும் தண்ணி கோருவது."

"அப்பம் அந்தக் கிணத்தையே படம் பிடி மக்கா" என்றேன். யோசிக்கவே இல்லை.

முதல் வாரம் அவளிடமிருந்தும் படம் வந்தது. இரண்டாம் வாரம் வரவில்லை. பள்ளிக்கும் தாமதமாக வந்தாள். மூன்றாம் நாள் அவளுடைய அம்மா வந்தார், ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிறவர். குரலை உயர்த்தவில்லை.

"படம் பிடிச்சது கிணத்தில உரிமை கேக்கியதுக்கு ஆக்கும் எண்ணு அவிய நினைச்சாச்சு டீச்சரே. காலையில போனா கேட்டில பூட்டு கிடக்கு."

அன்று சாயங்காலமே அந்தக் கிணறு இருக்கும் வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மாள் ஒருவர் என்னை உட்காரவைத்துச் சாயா தந்தார். யாரோடும் பகை இல்லை என்றார். பிள்ளை எட்டிப் பார்த்துக் கிணற்றில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். அவர் முன்னாலேயே என் போனிலிருந்த படத்தை அழித்துக் காட்டினேன்.

"டீச்சருக்க போனில இல்ல, சரி. வேற ஆருக்க போனில எல்லாம் கிடக்குண்ணு ஆருக்குத் தெரியும்?"

முதல் வாரப் படங்களையெல்லாம் பயிற்சிக் குழுவுக்கு நான் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். அதை அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. திரும்பும் வழியில் அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, இன்னொரு நாள் வந்து பேசிப் பார்க்கிறேன் என்றதற்கு அவர் வேண்டாம் என்றார். பேசப்பேசக் கோபம் கூடத்தான் செய்யுமாம்.

மூன்றாம் வாரக் கடைசியில் பயிற்சியாளர் பாடத்தைப் பார்க்க வந்தார். திரையில் பத்துக் கோடுகள் முழுதாக ஓடின. ஒன்று முதல் வாரப் புள்ளியோடு நின்றுவிட்டது. பக்கத்துக் கிணறுகளின் சராசரியைப் போட்டு நிரப்பிவிடலாமே என்று மெதுவாகச் சொன்னார். நான் நிரப்பவில்லை, காரணத்தையும் சொல்லவில்லை. அந்தக் கோட்டுக்கு உரியவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் அளவுகளை அழகாக எழுதிக்கொண்டிருந்தாள்.

என் திட்டம் மற்றப் பள்ளிகளுக்கு மாதிரியாகப் போயிற்று. வீட்டுக் கிணறு என்று இருக்கும் இடத்தில் பள்ளிக் கிணறு என்று மாற்றுங்கள் என்று பயிற்சிக் குழுவிடம் போனில் கேட்டேன். எல்லோருக்கும் அனுப்பியாயிற்று, இனி திருத்த முடியாது என்றார்கள்.

பூட்டு திறக்கவே இல்லை. அவளும் அம்மாவும் ரோட்டுப் பைப்பிலிருந்து தண்ணீர் சுமக்கிறார்கள். காலையில் அங்கே கூட்டம். முதல் மணி அடித்துச் சற்று நேரம் கழித்துத்தான் அவள் வருவாள், பாவாடை ஓரம் நனைந்திருக்கும். அதுவரை நான் வருகைப் பதிவேட்டைத் திறப்பதில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.