பெல்ட்டுக்குக் கீழே இருந்த காயம்

மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு எடுத்துத் திரும்பும் ஊழியருக்கு, மருத்துவர் குறித்த காலம் முடியும்வரை பளு தூக்கும் வேலை தரலாகாது. சான்றில் ஐயம் எழுந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். அலுவலகத் தலைவர் தம் கண்ணால் பார்த்து நோயைத் தீர்மானிக்கலாகாது. வேலையில் இருந்தபோது இந்த விதியைப் பல கோப்புகளில் நானே எழுதியிருக்கிறேன். எழுதுவதற்கு நல்ல விதி. யாரும் அதைப் பின்பற்றி நான் பார்த்ததில்லை.

எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்து ரெக்கார்டு கிளார்க்குக்கு அந்த விதி தேவைப்பட்டபோது நான் ஓய்வு பெற்றுப் பசுமலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அலங்காநல்லூர்ப் பக்கத்து மனிதர் அவர். வெயில் கொளுத்தும் சித்திரையிலும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்ற மாட்டார். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கட்டி இருப்பது தெரிந்தது. பீடி, குடி எதுவும் இல்லாதவர். ஆனாலும் ஈரல் என்ற சொல் காதில் விழுந்ததுமே அலுவலகம் தீர்ப்பு எழுதிவிட்டது. 'வீட்டுக்குள்ளேயே ஊத்தியிருப்பாருப்பா, அமைதியான ஆளுகளை நம்பக்கூடாது' என்றார் ஓர் இளநிலை உதவியாளர்.

சுற்றுச்சாலை அருகே ஒரு தனியார் மருத்துவமனையில் ரோபோ மூலம் அறுவைச் சிகிச்சை நடந்தது. வயிற்றைப் பிளக்காமல் சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தி, கட்டியிருந்த பகுதியை மட்டும் நறுக்கி எடுத்தார்கள். வீடு திரும்பியதும் என்னிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வியப்பை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. 'டாக்டரு என்னயத் தொடவே மாட்டாராம் சார். அந்த மூலையில உக்காந்து ரெண்டு பிடியத் திருப்புவாராம், இங்க அது கை மாதிரி வேலை பாக்குமாம்.' நறுக்கிய துண்டு வெளியே வர வழி வேண்டுமே. அதற்காக அடிவயிற்றில், பெல்ட் கட்டும் இடத்துக்கும் கீழே, குறுக்காக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு. மூன்று மாதம் எடை தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதே அந்த வெட்டுக்காகத்தான்.

ஒரு மாதத்தில் அவர் வேலைக்குத் திரும்பினார். அப்போது அலுவலகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நெல் மூட்டைக்கு இளைக்காத ஆவணக் கட்டுகளை மாடியேற்ற வேண்டும். கூலியாட்கள் வைக்க மேலிடத்து ஒப்புதல் வரவில்லை. ரெக்கார்டு கிளார்க் மருத்துவரின் சீட்டை நீட்டினார். வட்டாட்சியர் அதைப் படிக்காமல், 'எங்கய்யா வெட்டுனாங்க, காட்டு பாப்போம்' என்றார். நோயாளியைப் பார்க்கப் போனால் காயத்தைக் காட்டச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். தையலின் நீளத்தை வைத்துத்தான் அனுதாபத்தை அளந்து தருவார்கள். ஆண்களும் பெண்களுமாகப் பிரிவு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் வாழ்நாளில் முதன்முறையாகச் சட்டையைத் தூக்கினார். நான்கைந்து இடங்களில் விரல் நக அளவுக்குச் சிவந்த தழும்புகள் தெரிந்தன.

'என்னண்ணே, கொசு கடிச்ச மாதிரில்ல இருக்கு' என்றார் இளநிலை உதவியாளர். 'இம்புட்டூண்டு ஓட்டையில எப்பிடிண்ணே ஈரலு வந்துச்சு? வறுத்துல்ல எடுத்திருப்பாய்ங்க.' எல்லோரும் சிரித்தார்கள். வட்டாட்சியர் தம் மச்சானைச் சாட்சிக்கு அழைத்தார். 'பித்தப்பைக்கு அவனுக்கும் இதே ஓட்டைதான். அடுத்த வாரமே வயல்ல இறங்கிட்டான். போய்யா, போய்க் கட்டைத் தூக்கு.' பெல்ட்டைத் தளர்த்திக் கீழே இருந்த வெட்டைக் காட்டியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். நான்கு பெண்கள் எதிரே அதைச் செய்ய அவரால் முடியவில்லை. வாயால் சொல்லவும் கூசினார். சட்டையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தார். விதியை மேற்கோள் காட்டி, மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படியும் அதுவரை இலகுவான பணி தரும்படியும் மேலதிகாரிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். மனு உரிய வழியில்தான் போக வேண்டும். உரிய வழி என்பது வட்டாட்சியரின் மேஜை. பதிலுக்குக் காத்திருந்தபடியே அவர் கட்டுகளைத் தூக்கினார்.

இடுப்புக்குக் கீழே ஒரு புடைப்பு தெரிந்தபோது அதையும் யாரிடமும் காட்டவில்லை. பெல்ட்டை ஒரு துளை இறுக்கிக்கொண்டார். ஒரு முற்பகல் மாடிப்படியிலேயே சுருண்டு விழுந்தார். தையல் போட்ட சதை உள்ளுக்குள் விட்டுப்போய், அந்த இடைவெளியில் குடல் பிதுங்கி, முறுக்கிக்கொண்டு கறுத்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிப் போகும்போது, 'அந்த மெஷின்ல பண்ண முடியாதா டாக்டர்?' என்று கேட்டிருக்கிறார். 'அதுக்கெல்லாம் நேரமில்ல, திறந்துதான் ஆகணும்' என்று பதில் வந்ததாம்.

நெஞ்சுக் குழியிலிருந்து அடிவயிறு வரை திறந்தார்கள். குடலில் ஒரு முழம் போயிற்று. அலுவலகம் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாகத் திரண்டு வந்தது. நானும் அங்கே இருந்தேன். செவிலியர் கட்டு மாற்றப் போர்வையை விலக்கினார். இளநிலை உதவியாளர்தான் முதலில் வாய் திறந்தார். 'அடேயப்பா, இதுல்ல ஆபரேஷன்.' அவர் குரலில் உண்மையான மரியாதை இருந்தது. வட்டாட்சியர், 'எம்புட்டு நாள் வேணும்னாலும் லீவு எடுத்துக்கய்யா' என்றார். கட்டிலில் கிடந்தவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'நல்லாப் பாத்துக்கிட்டீங்களாண்ணே? போத்தி விடட்டுமா?' என்றார்.

இப்போது அவர் வயிற்றுக்குப் பட்டை கட்டிக்கொண்டு தபால் பிரிவில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர்க் குடம்கூடத் தூக்க முடியாது. கல்லீரல் நன்றாகவே வளர்ந்துவிட்டது என்று சோதனைக்குப் போகும்போதெல்லாம் மருத்துவர் பாராட்டுகிறார். புதியவர்கள் யாராவது அலுவலகத்துக்கு வந்தால், 'அண்ணே, அந்தத் தழும்பைக் கொஞ்சம் காட்டுங்கண்ணே' என்கிறார்களாம். அவர் காட்டுவதில்லை.

அந்த மனுவுக்கு மேலதிகாரி அனுப்பிய பதிலை அவர் மனைவிதான் மருத்துவமனைக்கு எடுத்துவந்து என்னிடம் படிக்கக் கொடுத்தார். மனுதாரர் உடலில் குறிப்பிடத்தக்க அறுவைச் சிகிச்சை வடு ஏதும் இல்லை என அலுவலகத் தலைவர் நேரில் கண்டு அறிக்கை அளித்துள்ளபடியால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. மொழிநடையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அது வந்து சேர்ந்தது சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்தன்று, அவருக்குத் தையல் பிரித்துக்கொண்டிருந்தபோது.