கம்ப்யூட்டருக்குள் வந்த விருந்தாளி

கீரனூரில் பத்திரம் எழுதுகிற ஒரு ஆபீஸில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். என் மேசையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர்தான், ஆனால் அதற்குள் இன்னொன்று ஓடுகிறது. வெளியே இந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் நடுவில் ஒரு சன்னல் மாதிரி திறந்துகொண்டு, இருபது வருஷத்துக்கு முந்தைய பழைய சிஸ்டம். பத்திரம் பதிய வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு இதென்ன கூத்து என்பார்கள். என் பிழைப்பே அந்தக் கூத்தில்தான் ஓடுகிறது.

போன ஐப்பசியில் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. முதலாளி புதிது வாங்கி வைத்தார். நான் வழக்கமாக அடிக்கிற தமிழ் மென்பொருள் அதில் ஏறவே மாட்டேன் என்றது. புதிய முறையில் அடித்துப் பார்த்தேன். நான் தட்டச்சு மெஷினில் படித்தவள். கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்பேன். புதிதிலோ எழுத்து முதலில், கொம்பு பிறகு. பத்திரத்தில் ‘மேற்படி’ என்ற சொல் இல்லாமல் இரண்டு வரி நகராது. நான் அடித்த ஒவ்வொரு மேற்படிக்கும் கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துத் தொங்க, எழுத்து மொட்டையாகத் தள்ளி நின்றது. ஒரு பக்கம் அடிக்க அரைநாள் ஆனது.

முதலாளி கோபப்படுகிறவர் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “தை பொறக்கிற வரைக்கும் பாப்போம்மா,” என்றார். அதற்குப் பிறகு வேறு ஆள் என்று அர்த்தம். எனக்கு நாற்பத்தாறு வயது. வேறு வேலை தெரியாது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

புதுக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற பெண் ஒருத்தி உண்டு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெற்றோர் கடற்கரைப் பக்கம், புகுந்த வீடு புதுக்கோட்டை. நான் கீரனூரில் இறங்கிவிடுவேன், அவள் திருச்சிக்குப் போவாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லியிருந்தாள். அவளிடம் புலம்பித் தீர்த்தேன். ஒரு வாரம் கழித்து அவளே, “ஞாயித்துக்கெழம ஆபீஸத் தொறந்து வைக்கச் சொல்லுங்கக்கா. பழைய சிடி எல்லாத்தையும் எடுத்து வைங்க,” என்றாள்.

அந்த ஞாயிறு பிரியாணியும் போச்சு, பகல் தூக்கமும் போச்சு அவளுக்கு. சாயங்காலம் என் பழைய திரை அப்படியே வந்து நின்றபோது நான் அழுதுவிட்டேன். அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். வெளியே இருப்பது வீட்டுக்காரர், உள்ளே இருப்பது விருந்தாளி. மூடும்போது ஒரு பெட்டி வந்து எப்படி மூட என்று கேட்கும். ‘சேவ்’ என்றால் விருந்தாளி போயிட்டு வாரேன் என்று சொல்கிறார், விட்ட இடத்திலேயே திரும்ப வருவார். ‘பவர் ஆஃப்’ என்றால் போறேன் என்று கிளம்புகிறார். நம் வீட்டில் யாரும் போறேன் என்று சொல்லக்கூடாது இல்லையா, அதனால் எப்போதும் முதலாவதையே அழுத்துங்கள் என்றாள். இதைவிட நன்றாக எந்தப் புத்தகத்தில் எழுதிவிட முடியும்?

அந்த வாரம் பழைய வேகம் வந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் இடி இடித்தது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். சும்மா சேவ் போட்டால் இடிக்குத் தாங்குமா என்று என் அறிவு வேலை செய்தது. பவர் ஆஃப் போட்டேன். அதன் கீழே ஒரு குட்டிக் கட்டம், பக்கத்தில் ‘ரெஸ்டோர்’ என்று ஏதோ ஆங்கிலம். ஸ்டோர் என்று இருக்கிறதே, பத்திரமாகச் சேர்த்து வைக்கிற சங்கதிதான் என்று அதிலும் ஒரு டிக் அடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை திறந்தால் விருந்தாளி வந்தார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. ரெஸ்டோர் என்றால் சேர்த்து வைப்பது இல்லையாம், அவள் ஞாயிறன்று ஏற்றி வைத்த நிலைக்கே திருப்பிவிடுவதாம். நாலு நாள் அடித்தது எதுவும் இல்லை. மற்றவை பதிந்து முடிந்தவை, போகட்டும். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் மட்டும் அன்றைக்குப் பதினொரு மணிக்குப் பதிவு. மூன்று அண்ணன் தம்பிகள், கடைசித் தம்பிக்கு ராத்திரி குவைத் விமானம். மூவரும் வாசலில் நிற்கிறார்கள். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கையெழுத்துப் பிரதியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பதினாலு பக்கம். விரல்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை. கொம்பு, எழுத்து, கொம்பு, எழுத்து என்று அவை பாட்டுக்கு ஓடின. நாலு பக்க எல்லை சொல்லும் நான்கு மால், சர்வே எண், மேற்படி, மேற்படி. பத்தே முக்காலுக்குக் கடைசிப் பக்கம் பிரிண்டரிலிருந்து வந்தது. முதலாளி உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். ஒரு பிழை இல்லை. பதிவு முடிந்து திரும்பி வந்தவர், இன்னொரு பிரதியை என் மேசையில் வைத்தார். “அடுத்ததையும் இதுலயே அடிச்சிருங்கம்மா. இனி இதுலயே ஓடட்டும்,” என்றார்.

வேலை நிலைத்த சந்தோஷம் ஒரு பக்கம் இருக்க, அந்தக் கட்டத்தைப் பற்றி எச்சரிக்காமல் விட்டவள்மேல் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு சொல்லிக் கொடுத்தவள் இதை விட்டுவிட்டாளே. சாயங்காலம் திருச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டே விட்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அந்த டிக்கு எதுக்குன்னு எனக்கே தெரியாதுக்கா. ஆஸ்பத்திரியில நான் பேஷண்ட் பேரு ஊரு ஏத்துறவ, அவ்வளவுதான். ஒங்க வேலை போயிரக் கூடாதேன்னு, அந்த ஒரு வாரமும் நீங்க எறங்குனதுக்கு அப்பறம் திருச்சி போற வரைக்கும் போன்ல பாத்துப் பாத்துத்தான் படிச்சேன்,” என்றவள், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “என்னால ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையேக்கா?”

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, புதுக்கோட்டை வரும்வரை அவள் கையை நான் விடவில்லை.