நிச்சயத்தன்று புகையில் கட்டிய நெஞ்சுக்கறி

மாப்பிள்ளை வீட்டார் தியாகதுருகத்திலிருந்து வர வேண்டிய நாளில், கள்ளக்குறிச்சி சாலை முழுக்க மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் சாலை மறியல். அப்பா பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு வண்டி ஓடல" என்று சட்டையைக் கழற்றினார்.

நிச்சயம் எனக்குத்தான். ஆவணி முடிய இரண்டே நாள். புரட்டாசியில் யாரும் நிச்சயம் வைக்க மாட்டார்கள். ஐப்பசி வருவதற்குள் மாப்பிள்ளைக்கு அவருடைய அத்தை மகளைப் பேசி முடித்துவிடுவார்கள் என்று எங்கள் தெருவே சொன்னது. அவரை நான் ஒரு கல்யாணத்தில் ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். எனக்கு அது போதும்.

புலம்ப நேரமில்லை. விருந்துக்கென்று முந்தின நாள் வாங்கிய மாட்டு நெஞ்சுக்கறி ஒரே பாளமாகக் குண்டானில் கிடந்தது. காலையிலிருந்து தூறல், வெயிலில் காயப்போட வழியில்லை. அடுப்புக்கு மேலே புகையில் கட்டினால்தான் தப்பும். அம்மா மூலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பட்டுப்புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு, பழசைச் சுற்றிக்கொண்டு கத்தியைத் தீட்டினேன்.

நெஞ்சுக்கறி லேசில் வழிக்கு வராது. இரண்டு தசை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும், நடுவே கொழுப்பு. ஒன்றின் நார் நெடுக்கே ஓடினால் மற்றதன் நார் குறுக்கே ஓடும். விரலால் தடவிக்கொண்டே போனேன். மெத்தென்ற இடத்தில் கத்தி நுனியை வைத்ததும் இரண்டும் அழகாகப் பிரிந்து வந்தன. எனக்கு ஒரே குஷி.

குழம்புக்கு என்றால் கொழுப்பை விட்டுவைப்போம். சம்பந்தி இலையில் கொழுப்புத் துண்டு விழுவதுதான் மரியாதை. புகைக்கு அது ஆகாது. சொட்டிச் சொட்டித் தீயைக் கிளப்பும், நாலு நாளில் சிக்கு வாடை அடிக்கும். அத்தனையும் வழித்தெடுத்தேன். நார் ஓடும் போக்கிலேயே நீள நீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தேய்த்துக் கம்பியில் தொங்கவிட்டேன். அந்த அத்தை மகளை நினைத்துக்கொண்டே அறுத்ததாலோ என்னவோ, கத்தி நன்றாக ஓடியது.

கடைசித் துண்டைக் கட்டும்போது வாசலில் பேச்சுச் சத்தம். அவரும் அவருடைய அம்மா அப்பாவும் நின்றார்கள். முழங்கால்வரை சேறு. வரப்பு வழியாகவே நடந்து வந்திருக்கிறார்கள்.

அவருடைய அம்மாவின் கண் நேராகக் கம்பிக்குப் போனது.

"விருந்துக்கு வாங்கின கறியப் புகையில கட்டிட்டீங்களா? நாங்க வரமாட்டோம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

எங்கள் பக்கம் விருந்துக் கறியைப் புகையில் கட்டினால் விருந்து இல்லை என்றுதான் அர்த்தம். அப்பா கழற்றிய சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். பெண் வாய் திறக்கக் கூடாத இடம் அது. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை.

"நான்தான் கட்டினேங்க அத்தை. அவருக்கு அத்தை மகளயே பேசி முடிச்சிக்கினு இருப்பீங்கன்னு நெனச்சிட்டேன்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவ எங்க எதிர் வூடு. அங்க போறதுக்கு மறியலும் இல்ல, சேறும் இல்ல. அவளக் கட்றதா இருந்தா இம்மாந்தூரம் இன்னாத்துக்குடி நடந்து வரோம்?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கையெல்லாம் உப்பு, கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.