பூனை இருக்கிற வூடும் ரெண்டு தொட்டிச் செடியும்

செடி விக்கிறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. வாங்க வர்ற ஜனங்ககிட்ட பேசிக் கரையேறுறதுதான் உயிர் போற வேல. வில்லியனூர்ல இருந்து உறுவையாறு போற ரோட்டுல எனக்கு ஒரு சின்ன நர்சரி. செடியும் வேணும், பூனையும் வேணும்னு ஆசப்பட்டு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற மகராசங்களே, உங்களுக்குத்தான் இதச் சொல்றேன்.

காசு தர்ற கொடி

கிருமாம்பாக்கத்துல புது வூடு கட்டின ஒரு அம்மா கார்ல வந்து எறங்குனாங்க. ஹாலுக்கு மணி பிளாண்ட் வேணுமாம். "வூட்ல பூனை இருக்குதாம்மா?"ன்னேன். ரெண்டு இருக்குதுன்னாங்க.

மணி பிளாண்ட், வெள்ளப் புள்ளி போட்ட பெரிய இலை டிஃபன்பாக்கியா எல்லாம் ஒரே வம்சம். வேகாத கருணக்கெழங்க தின்னா நாக்கு அரிக்குமே, அதே அரிப்பு. பூனை இலைய கடிச்சா வாய் எரியும், எச்சில் ஒழுகும், சோறு எறங்காது. உசுரு போயிடும்னு நான் பயமுறுத்தல. ஆனா வாயில்லா ஜீவன், பாவம் இல்லையா? "அரேகா பாம்னு தொட்டியில வெக்கிற பனை இருக்குது, அத எடுத்துக்கோங்கம்மா, பூனை கடிச்சாலும் ஒண்ணும் பண்ணாது"ன்னேன். அந்த அம்மா என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, "மணி பிளாண்ட் வெச்சா காசு வரும். பூனை வெச்சா இன்னா வரும்?"னாங்க.

கட்டைப்பையில வந்த சில்லு

உறுவையாறு அந்தோணி அண்ணன் மில்லுல வேல பாத்து ரிட்டயர்ட் ஆனவரு. புள்ள குட்டி கெடையாது. அவரு பொண்டாட்டி மேரி அக்கா போன மழைக்குத்தான் தவறிட்டாங்க. அந்த அக்கா என்கிட்ட டிஃபன்பாக்கியா தண்டு ஒண்ணு வாங்கிப் போயி, ரெண்டு தொட்டி நெறைய வளத்தவங்க. சில்லுன்னு ஒரு பூனையும் வளத்தாங்க. அண்ணனுக்கு அவங்க விட்டுட்டுப் போனது அந்த மூணுதான்.

ஒரு நாள் காலையில அண்ணன் கட்டைப்பையோட ஓடியாந்தாரு. பையில சில்லு. மொகமெல்லாம் எச்சில், ஒதடு வீங்கிக் கெடக்குது. எனக்குப் பாத்ததுமே புரிஞ்சிடுச்சி. ஈரத்துணியால வாயத் தொடச்சிவுட்டு, கொஞ்சம் தயிர நக்க வெச்சேன். "செடிய கடிக்க எப்படிண்ணா வுட்டீங்க?"ன்னு சத்தம் போட்டேன்.

வயிறு சரியில்லன்னா பூனை அருகம்புல்ல தின்னு கக்கும், ஊருக்கே தெரியும். அக்கா போனதுல இருந்து சில்லு சரியா சாப்பிடல. அக்கா இருந்தவரைக்கும் ஒரு அதட்டல் போட்டா தொட்டிய விட்டு எறங்கிடும். இப்ப அதட்ட ஆளில்ல. அது இலைய மோந்து பாத்ததும் அண்ணன் வேற மாதிரி நெனச்சிட்டாரு. "அதுவே மருந்து தேடுதுன்னு நெனச்சேம்மா. நான்தான் இலைய கிள்ளி வாயில வெச்சேன்"னாரு.

மாட்டு வரிசையில

கையோட மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளப்பி, தொணைக்கு நானும் போனேன். வரிசையில கன்னுக்குட்டி, ஆடு. நடுவுல கட்டைப்பைய மடியில வெச்சிக்கிட்டு அண்ணன். பசு மாட்ட புடிச்சிக்கிட்டு நின்ன ஒருத்தரு, "இன்னா பெருசு, பூனைக்கெல்லாமா ஊசி? ஊருல வேற பூனையே இல்லையா?"ன்னு சிரிச்சாரு.

எனக்கு வந்த கோவத்துக்கு நல்லா கேட்டுருப்பேன். அண்ணன் கோவப்படல. பையத் தடவிக்கிட்டே, "எங்கூட்டுல ராத்திரி மூச்சு சத்தம் கேக்கறது இதுகிட்ட இருந்து மட்டும்தான்பா"ன்னாரு.

தொட்டிக்கு எடம்

டாக்டர் ஊசி போட்டு அனுப்பினாரு. சில்லு பொழச்சிக்கிச்சி. ஆனா தொட்டிய இன்னா பண்றது? மேல தொங்கவுடுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். பூனைக்கு மேல இன்னா, கீழ இன்னா! அடுத்தவங்களுக்குக் குடுக்கவும் அவருக்கு மனசு வரல. தூக்கிப் போடுங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. "அக்கா கல்லறைகிட்ட வெச்சிடலாமாண்ணா?"ன்னேன். "வெச்சிட்டு? அவ எழுந்து வந்து தண்ணி ஊத்துவாளா?"ன்னுட்டாரு.

கடைசியில ரெண்டு தொட்டியையும் என் நர்சரிக்கே கொண்டாந்தாரு. சில்லுக்கு ஒரு தட்டுல அருகம்புல் நட்டுக் குடுத்தேன். ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வருவாரு, தொட்டிக்குத் தண்ணி ஊத்துவாரு, இலைய ஒவ்வொண்ணா தொடைப்பாரு. மொத நாளு கெளம்பும்போது, "அவ கேட்டா, பக்கத்துலதான் வெச்சிருக்கேன்னு சொல்லணும்மா"ன்னாரு.

விக்காத செடி

அந்தத் தொட்டியப் பாத்து ஆசப்படாதவங்க இல்ல. இலை ஒவ்வொண்ணும் மொறம் மாதிரி வளந்து நின்னுச்சி. குருவிநத்தத்துக்காரர் ஒருத்தரு கல்யாண மண்டபத்துக்குன்னு கேட்டாரு. சொல்ற வெலைக்கு ரெண்டு மடங்கு தரேன்னாரு. "இது விக்கறதுக்கில்லீங்க"ன்னேன். "விக்காத செடிய கடையில வெச்சி இன்னா, பூஜை பண்றியா?"ன்னு மொறச்சிட்டுப் போனாரு.

திரும்பி வந்த அண்ணன்

இந்த வெயில் காலத்துல ரெண்டு ஞாயிறு அண்ணன் வரல. ஒடம்பு சரியில்லையோன்னு பதறிக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒரு நாள், வாரத்து நடுவுல, குட்டியானை லோடு வண்டியோட வந்து நின்னாரு.

"சில்லு எப்படிண்ணா இருக்குது?"ன்னேன். "வயசாயிடுச்சிம்மா. தூங்கனாப்புலயே போயிடுச்சி"ன்னாரு. தொட்டிய தூக்க நானும் ஒரு கை புடிச்சேன். கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சி, வழியே தெரியல. அண்ணன் வண்டியில ஏறி, ரெண்டு தொட்டிக்கும் நடுவுல ஒக்காந்துக்கிட்டு, "இனிமே பயமில்லம்மா. கடிக்க வூட்ல யாருமில்ல"ன்னாரு.

செடி கடைய விட்டுப் போனா சந்தோஷப்பட வேண்டிய பொழப்பு என்னுது. அந்த ரெண்டு தொட்டி போன அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.