தொண்ணூற்றொன்று வகுபடாது

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, திண்டிவனத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சேர் போட்டது. சேர்களை வாடகைக்கு விடுவதுதான் என் அப்பா சவுரிராயனின் தொழில். மொத்தம் தொண்ணூற்றாறு சேர். அதில் ஐந்தைக் கூட்டேரிப்பட்டு தென்னரசு மாமா இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. சேர்களை இறக்கும்போது அப்பா புலம்பினார்.

"தொண்ணூத்தாறு இன்னா தங்கமான நம்பரு! எட்டு பன்னெண்டு, ஆறு பதினாறு, எப்பிடி போட்டாலும் வளைஞ்சு குடுக்கும். இந்தத் தொண்ணூத்தொண்ணு பேஜாரு புடிச்சது, எதாலயும் வகுபடாது."

என்ஜினியர் நான் சும்மா இருப்பேனா?

"தொண்ணூத்தாறைக் காரணியா உடைச்சா அஞ்சு ரெண்டு, ஒரு மூணு. அதான் வளையுது. தொண்ணூத்தொண்ணும் வகுபடும்ப்பா. ஏழு பதிமூணு."

"ஒரே வரிசையில பதிமூணு பேரா? ஏசு கடைசியா சாப்புட ஒக்காந்தப்ப பதிமூணு பேருதான். இன்னா ஆச்சு? கூட துன்னவனே காட்டிக் குடுத்தான். வகுபடாதும்மா, போ."

பத்துப் பத்தாக ஒன்பது வரிசை போட்டார். மிஞ்சியதில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அந்த அஞ்சையும் தூக்கிக்கினு வர்றேன்."

சனிக்கிழமை நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அவர் சாவுக்கு அவருடைய சேர்களையே போட்டேன். பதிமூன்று பதிமூன்றாக ஏழு வரிசை. கணக்கு சரியாக வந்தது. பத்துப் பத்தாகப் போட்டிருந்தால் ஒன்று மிஞ்சியிருக்கும்.

தென்னரசு மாமா முதல் வரிசையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். வெறுங்கையோடுதான் வந்திருந்தார். அந்த ஐந்து சேர்களும் இன்னும் கூட்டேரிப்பட்டில்தான் இருக்கின்றன.